ஈப்போ வெயிலை அறியாத மென்பொருள்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து மேற்கல்வி விண்ணப்பங்களை நிரப்பும் நாட்களில், அறிவியல் ஆசிரியர்களிடமும் இந்தக் கேள்வி வந்து சேர்கிறது. உள்ளரங்கக் கட்டடக்கலை படிக்க ஆசை. ஆட்டோகேட் கற்பதா, ஸ்கெட்ச்அப் கற்பதா, ரெவிட் கற்பதா? இது மாணவரின் கேள்வி. பக்கத்தில் நிற்கும் அப்பாவின் கேள்வி வேறு: அதற்கு எத்தனை வெள்ளியில் மடிக்கணினி வாங்க வேண்டும்?

இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கு முன் கேட்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்பதில்லை. அந்த மென்பொருளிடம் நாம் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம்?

ஒரு லயத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். பேராக்கில் பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆனாலும் சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கங்களில் ஆங்காங்கே பழைய லயங்களைப் பார்க்கலாம். முன்னால் சிறிய வராந்தா, உள்ளே அறை, பின்னால் அடுப்படி, மேலே தகரக் கூரை. உங்கள் பாட்டி வாழ்ந்த அப்படியொரு வீட்டை இன்றைய குடும்பம் வசிக்கும்படி மாற்றியமைப்பதுதான் உங்கள் முதல் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறையில் கட்டிலும் படிப்பு மேசையும் சேர்ந்து நிற்குமா? மாலை வெயில் அடுப்படிக்குள் எவ்வளவு தூரம் வரும்? சுவருக்கு எந்த வண்ணம் அடித்தால் அறை இருட்டாகத் தெரியாது? கதவும் சன்னலும் எத்தனை, தரைக்கு எத்தனை ஓடு? இவை நான்கும் வேறு வேறு கேள்விகள். நான்குக்கும் ஒரே மென்பொருள் ஒரே தரத்தில் விடை சொல்லாது. தேர்வின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் அளவு நாடா

கணினியைத் திறப்பதற்கு முன் அறையை அளக்க வேண்டும். நம் தாத்தாக்கள் அறையைப் ‘பத்துக்குப் பத்து’ என்பார்கள். அது அடிக்கணக்கு. இன்று மலேசியாவில் கட்டட வரைபடங்கள் மில்லிமீட்டரில் வரையப்படுகின்றன. 10 அடி என்பது 3,048 மில்லிமீட்டர். மென்பொருளைத் திறந்ததும் அலகு அங்குலத்தில் இருக்க, நீங்கள் கவனிக்காமல் 3048 என்று தட்டினால், அறையின் ஒரு பக்கம் 77 மீட்டருக்கு மேல் நீண்டுவிடும். அதற்குள் கால்பந்தே ஆடலாம். கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அதை ஏற்றுக்கொள்ளும்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. ஈப்போ பழைய நகரத்துக் கடைவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகப்பு குறுகல், உள்ளே நீளம், முன்னால் ‘அஞ்சடி’ நடைபாதை, நடுவில் வெளிச்சம் இறங்கும் திறந்த முற்றம். இத்தகைய பழைய கட்டடங்களில் சுவரும் சுவரும் சரியாக 90 பாகையில் சந்திக்கும் என்று நம்பக்கூடாது. 3 மீட்டருக்கு 4 மீட்டர் என்று அளந்த ஓர் அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். பித்தாகரஸ் கணக்குப்படி இரண்டும் 5 மீட்டர் இருக்க வேண்டும். ஒன்று 5.06 மீட்டரும் மற்றது 4.94 மீட்டரும் வந்தால் அறை செவ்வகமே அல்ல, இணைகரம். கோணம் சாய்ந்திருப்பது ஏறக்குறைய ஒன்றரைப் பாகைதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 3 மீட்டர் நீளமுள்ள சுவர் அலமாரியைச் சதுரமாகச் செய்துகொண்டு வந்தால், ஒரு முனை சுவரைத் தொடும். மறுமுனையில் 75 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். பல்லி குடியேற அது போதும்.

கணினியில் கோடு வரையும்போது அது தானாகவே செங்கோணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வசதிக்காகச் செய்த ஏற்பாடுதான். நீங்கள் மூலைவிட்டத்தை அளக்காமல் வந்திருந்தால் அந்த வசதி உங்கள் கோணல் அறையை நேராக்கிக் காட்டும், திரையில் மட்டும்.

கோடு வரைவதில் ஆட்டோகேட் பெயர் பெற்றது. 1982-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அறையளவு கணினிகளில் நடந்துவந்த வேலையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. 1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்ற ஆய்வு மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை எழுதினார். திரையின் மேல் ஒளிப்பேனாவை வைத்து வரையலாம். இந்த இரண்டு கோடுகளும் எப்போதும் இணையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால் கணினி அதைக் காப்பாற்றும். இன்றைய வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாவற்றிலும் அந்த யோசனையின் சாயல் இருக்கிறது.

தச்சருக்கும் குத்தகையாளருக்கும் கொடுக்க வேண்டிய அளவுப் படத்துக்கு இருபரிமாணக் கோட்டுப் படமே இன்னமும் கைகொடுக்கிறது. பயில்வதற்கு லிப்ரேகேட் போன்ற இலவச மென்பொருளே போதும். ஆர்.பி.டி. பாடத்தில் அளவுத்திட்டத்தோடு வரையப் பழகியவர்களுக்கு இது புதிதாகவே தோன்றாது.

வெயில் எங்கிருந்து வரும்?

இரண்டாவது கேள்விக்குத்தான் முப்பரிமாணம் தேவைப்படுகிறது. ஸ்கெட்ச்அப் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் நகரத்தில் பிறந்தது. தரையில் ஒரு செவ்வகம் வரைந்து அதை மேலே இழுத்தால் அறை எழுந்து நிற்கும். பத்து நிமிடத்தில் யாரும் பழகிவிடலாம். அதில் நிழல் காட்டும் வசதியும் உண்டு. மாதத்தையும் மணியையும் நகர்த்தினால் நிழல் தரையில் ஊர்ந்து போகும். பார்க்க அழகாக இருக்கும்.

ஆனால் யாருடைய நிழல் அது? மாதிரியின் இடத்தை நீங்கள் குறிப்பிடாவிட்டால், ஸ்கெட்ச்அப் தன் பிறந்த ஊரான போல்டரையே எடுத்துக்கொள்ளும் வழக்கம் கொண்டது. போல்டர் இருப்பது வடக்கே 40 பாகை அட்சரேகையில். அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும். டிசம்பரில் அடிவானத்திலிருந்து 27 பாகைக்கு மேல் ஏறாது. வடக்குப் பார்த்த சுவரில் நண்பகல் வெயிலே படாது.

ஈப்போ வடக்கே 4.6 பாகையில் இருக்கிறது. நமக்குச் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும், நேர் உச்சியில் நிற்கிறது. ஜூன் மாதம் அது வடக்கே சாய்ந்து நண்பகலில் 71 பாகை உயரத்தில் இருக்கும். டிசம்பரில் தெற்கே சாய்ந்து 62 பாகையில் இருக்கும். அதாவது இங்கே வடக்குச் சுவரும் வெயில் காயும், தெற்குச் சுவரும் காயும், முறை வைத்து. போல்டரின் சூரியனை வைத்துக்கொண்டு வடக்கே பெரிய சன்னல் வைத்தால் ஜூனில் வசமாக மாட்டிக்கொள்வீர்கள்.

இடத்தைக் கொடுத்தாலும் நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. மலேசிய நேரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. ஈப்போவோ 101 பாகையில் உள்ளது. பூமி 1 பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. 19 பாகை வித்தியாசத்துக்கு 76 நிமிடம். ஆகவே நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1.15-க்கு. மாதத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் முன்பின் ஆகும். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நினைவில் இருக்கும். மென்பொருளில் நேர வலயத்தைத் தவறாக வைத்தால் மாலை 5 மணி நிழல் வேறொரு மணியின் நிழலாகிவிடும்.

இப்போது நம் லயத்து வீட்டுக்கு வருவோம். சன்னலின் அடிவிளிம்பு கூரை விளிம்பிலிருந்து 2 மீட்டர் கீழே இருக்கிறது. வடக்குச் சுவரில் ஜூன் மாத நண்பகல் வெயில் உள்ளே வராமல் இருக்கக் கூரை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்? 2-ஐ 71 பாகையின் டேன்ஜெண்டால் வகுத்தால் சுமார் 0.7 மீட்டர். தெற்குச் சுவரில் டிசம்பருக்கு 1.06 மீட்டர். இரண்டும் கட்டக்கூடிய நீளங்கள். மேற்குச் சுவருக்கு வாருங்கள். மார்ச் மாதம் மாலை 6 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் நிற்கிறது. அதே கணக்குப் போட்டால் ஐந்தரை மீட்டர் கூரை வேண்டும்! எந்த வீட்டிலும் அப்படி நீட்ட முடியாது. கிழக்கிலும் மேற்கிலும் கூரை காப்பாற்றாது. மூங்கில் தட்டியோ மரமோ, செங்குத்தாக நின்று மறைக்கும் ஏதாவதுதான் காப்பாற்றும். மேற்குப் பக்கம் தட்டி தொங்கவிட்ட பாட்டிமார் டேன்ஜெண்ட் படித்ததில்லை; சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. 2006-இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ‘சுவீட் ஹோம் 3டி’ என்ற மென்பொருளில் திசைகாட்டி ஒன்று உண்டு. அதில் அட்சரேகை, தீர்க்கரேகை, நேர வலயம் மூன்றையும் கொடுத்து, நாளும் மணியும் குறிப்பிட்டால், அந்த நேரத்து வெயிலோடு அறையின் படத்தை வரைந்து தரும். பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது. ஸ்கெட்ச்அப்புக்கு இணைய உலாவியில் இயங்கும் இலவச வடிவம் உண்டு. பள்ளிகளுக்கென்று தனி வடிவமும் உண்டு; பள்ளிக்குரிய கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில், நிர்வாகி அனுமதி கொடுத்தால் திறக்கும். உங்கள் டெலிமா கணக்கில் இயங்குமா என்று கணினி ஆசிரியரிடம் விசாரியுங்கள்.

முப்பரிமாணம் பழகப் பேராக்கிலேயே நல்ல கட்டடம் இருக்கிறது. பத்து காஜாவுக்கு அருகில் உள்ள கெல்லி மாளிகை. ரப்பர் தோட்ட முதலாளியான ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் அதைக் கட்டத் தொடங்கினார். சென்னையிலிருந்து தொழிலாளர்களைத் தருவித்தார். ஸ்பானிய ஃப்ளூ பரவியபோது அவர்களில் பலர் மாண்டனர்; தொழிலாளர்கள் கேட்டதற்கிணங்க மாரியம்மன் கோயில் கட்டப்பட்டது. ஸ்மித் 1926-இல் லிஸ்பன் நகரில் காலமானார். மாளிகை முடியவே இல்லை. மின்தூக்கிக்கு என்று விட்ட குழிகூட இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. வெளியே சுவரும் வளைவும் கோபுரமும் நிற்க, உள்ளரங்கம் மட்டும் நிறைவேறாத வீடு அது. அடுத்த முறை சுற்றுலா போகும்போது படம் எடுப்பதோடு நிற்காமல், அனுமதியுள்ள ஓர் அறையின் நீள அகலத்தையும் சன்னல்கள் பார்க்கும் திசையையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அறைக்குள் நூறாண்டுக்கு முன் வராமல் போன மேசை நாற்காலிகளை நீங்கள் வைத்துப் பார்க்கலாம்.

பச்சைச் சுவர், பச்சைத் தரை

வண்ணக் கேள்விக்கு வேறு வகை மென்பொருள் வேண்டும். ஒளியைக் கணக்கிட்டு நிழற்படம் போன்ற காட்சியை உருவாக்கும் இதை ‘ரெண்டரிங்’ என்கிறார்கள்.

1984-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெட்டியைக் கணினியில் வரைந்தார்கள். ஒரு பக்கச் சுவர் சிவப்பு, எதிர்ச் சுவர் வேறு வண்ணம், மற்றவை வெள்ளை. பின்னாளில் உலகம் அறிந்த வடிவில் அவை சிவப்பும் பச்சையும். சிவப்புச் சுவரில் பட்ட ஒளி அங்கிருந்து தெறித்து வெள்ளைச் சுவரில் மெல்லிய சிவப்பாகப் படிகிறது. ஒளி ஒரு முறை பட்டதோடு நிற்பதில்லை. சுவருக்குச் சுவர் தாவுகிறது என்பதைக் கணக்கில் கொண்டுவந்த பெட்டி அது. ‘கார்னெல் பெட்டி’ என்ற பெயரில் இன்றும் ரெண்டரிங் மென்பொருள்களைச் சோதிக்கப் பயன்படுகிறது.

நம் வீடுகளில் அடர் பச்சையும் நீலமும் விரும்பி அடிக்கிறோம். சிறிய அறையில் நாலு சுவரும் பச்சையானால் வெள்ளைத் தரையும் உட்கார்ந்திருப்பவர் முகமும் சற்றே பச்சை கலந்து தெரியும். வாளி வண்ணம் வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ள உதவும் கருவி பிளெண்டர். நெதர்லாந்தில் தொன் ரோசெண்டால் 1990-களில் தொடங்கியது. அதை விற்ற நிறுவனம் 2002-இல் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழே வாரத்தில் 1 லட்சம் யூரோ திரட்டி நிரலை விடுவித்தார்கள். அன்று முதல் எல்லார்க்கும் இலவசம். 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் பெற்ற ‘ஃப்ளோ’ பிளெண்டரில் உருவான படம். ஆனால் பிளெண்டர் ஒரு கடல். அளவுப் படம் வரையத் தெரிந்த பிறகு அதில் இறங்கலாம், அவசரமில்லை.

ஓர் எச்சரிக்கை. ரெண்டரிங் படம் பெரும்பாலும் உங்கள் கைப்பேசிக் கேமரா போலத் தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டும். இருண்ட அறையும் படத்தில் பளிச்சென்று இருக்கும். அந்த அறையில் மாலையில் புத்தகம் படிக்க முடியுமா என்பதற்கு அது பதில் அல்ல. ஒளியை உண்மையான லக்ஸ் அலகில் கணக்கிட ‘ரேடியன்ஸ்’ போன்ற தனி நிரல்கள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவு நொடியில் வரைந்து தரும் அறைப் படங்களைப் பற்றி ஒரே வரியில் சொல்கிறேன்: அவற்றுக்கு அளவு கிடையாது, தச்சரிடம் கொடுக்க முடியாத படம்.

கதவு என்று அறிந்த கதவு

நான்காவது கேள்வி, எண்ணிக்கை. ஆட்டோகேட்டின் சாதாரணக் கோட்டுப் படத்தில் கதவு என்பது ஒரு கோடும் ஒரு வில்லும். கணினிக்கு அது கதவு என்று தெரியாது. ரெவிட் போன்ற மென்பொருளில் கதவுக்குத் தான் கதவு என்பது தெரியும். உயரம், அகலம், எந்தச் சுவரில் நிற்கிறது என்பதெல்லாம் அதனோடு சேர்ந்திருக்கும். சுவரை நகர்த்தினால் கதவும் நகரும், பொருள் பட்டியலும் தானே திருந்தும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்து, 2002-இல் ஆட்டோகேட் நிறுவனத்தின் கைக்குப் போனது ரெவிட். கட்டடத்தைத் தகவலோடு சேர்த்து உருவாக்கும் இந்த முறையை ‘பிம்’ என்கிறார்கள். மலேசியாவில் பெரிய கட்டுமானத் திட்டங்கள் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே கல்லூரியில் இதைக் கட்டாயம் சந்திப்பீர்கள். நான்காம், ஐந்தாம் படிவத்தில் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஒற்றை அறைக்கு ரெவிட் என்பது கறிவேப்பிலை வாங்க லாரி எடுத்துப் போவது போல.

இப்போது அப்பாவின் கேள்வி. என் கருத்து: சேரும் கல்லூரி முடிவாகும் வரை மடிக்கணினி வாங்காதீர்கள். ரெவிட் விண்டோஸில் மட்டுமே நேரடியாக இயங்கும். அழகாக இருக்கிறதே என்று மேக் வாங்கிவிட்டு, பிறகு தவிப்பவர்கள் உண்டு. ஆர்க்கிகேட் என்ற அங்கேரிய மென்பொருள் இரண்டிலும் இயங்கும். எதைக் கற்பிக்கிறார்கள் என்று கல்லூரியைக் கேட்டு, அதற்கேற்ற நினைவகமும் வரைகலை அட்டையும் உள்ளதை வாங்கினால் பணம் மிஞ்சும். கேட்கும்போது இன்னும் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா? உள்ளரங்க வடிவமைப்பாளர்களைப் பதிவு செய்யும் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பின்னாளில் பதிந்துகொள்ள இது வழிவிடுமா? எந்த மென்பொருள் தேர்வையும்விட இவை உங்கள் எதிர்காலத்தைத் தொடுபவை.

ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் தகுதியுள்ள மாணவர்கள் இலவசமாகவே பெறலாம். ஓராண்டு உரிமம், மாணவராக இருக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது படிப்புக்கு மட்டும். மாமாவின் கடைக்குப் படம் வரைந்து காசு வாங்கினால் உரிம விதியை மீறியதாகும். சட்டபூர்வமான வழி இவ்வளவு எளிதாக இருக்கும்போது, பூட்டு உடைத்த பிரதியைப் பதிவிறக்கி வைரஸுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிடுவானேன்?

ஆகவே, இந்தப் பள்ளி விடுமுறையில் தொடங்க நினைப்பவருக்குத் தேவையானவை ஓர் அளவு நாடா, ஒரு கட்டக் கோட்டுத்தாள் புத்தகம், கைப்பேசியில் திசைகாட்டி, வீட்டில் இருக்கும் ஏதாவதொரு கணினியில் சுவீட் ஹோம் 3டி. லயத்து வீடு இன்னும் நிற்கிறதென்றால் அங்கே போங்கள். நாடாவின் மறுமுனையைப் பிடிக்கத் தம்பியை அழைத்துக்கொள்ளுங்கள். சுவர்கள், மூலைவிட்டங்கள், சன்னலின் உயரம், கூரை விளிம்பு, வாசல் பார்க்கும் திசை, சாமி மாடம் இருந்த இடம், அடுப்பு இருந்த இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். பாட்டி உடன் வந்தால் யார் எங்கே படுத்தார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பல லயங்களுக்கு வரைபடம் எதுவும் குடும்பங்களிடம் இல்லை. இடித்த பிறகு அளக்கவும் முடியாது.

வரைந்து முடித்ததும் கோப்பை மென்பொருளின் சொந்த வடிவில் மட்டும் சேமித்துவிட்டு விடாதீர்கள். ஸ்கெட்ச்அப் 2006-இல் கூகுளுக்குக் கைமாறி, 2012-இல் டிரிம்பிள் நிறுவனத்துக்குப் போனது. மென்பொருள்களுக்கு முதலாளிகள் மாறுவார்கள், பழைய கோப்புகள் ஒருநாள் திறக்காமல் போகும். பி.டி.எஃப். வடிவில் ஒரு பிரதி எடுத்து, தாளிலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். நாடா பிடித்து எழுதிய அந்தக் கட்டப் புத்தகத்தையும், அட்டையில் தோட்டத்தின் பெயர், லயத்து எண், அளந்த தேதி மூன்றையும் எழுதி, அதனோடு சேர்த்து வையுங்கள்.